மணமேடையில் ஓதுவார்

கல்யாண வீட்டுக்கு ஓதுவாரை அழைப்பவர்கள் பண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. பெண்ணின் அப்பாவோ தாய்மாமனோ மேடை ஓரத்துக்கு வந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே காதருகில் குனிந்து சொல்வது பெரும்பாலும் இதுதான்: “ஐயா, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒண்ணா இருக்கணும். அதுக்கு எதனா பாட்டு இருந்தா பாடுங்க.” திருவண்ணாமலையில் ஓதுவாராக இருந்த காலமெல்லாம் இந்த வேண்டுகோளுக்குப் பதில் தேடுவதே என் வேலையில் பெரும்பகுதி. பிரியாத துணையைப் பாடும் பாட்டு எது, அதை எப்படிப் பாட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரைப்போல் வேறு ஊர் இல்லை என்பது என் எண்ணம்.

மணமேடையில் எங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். மாலை மாற்றும் முன் சில நிமிடம், தாலி ஏறி நாகஸ்வரம் ஓய்ந்தபின் சில நிமிடம். போட்டோகிராபர் விளக்கை நகர்த்திக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்திக்கு இலை விழுந்திருக்கும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று கோயிலில் பஞ்சபுராணம் பாடுவதுபோல் அங்கே பாட முடியாது. சுருதிப்பெட்டியைத் திறந்து, திருச்சிற்றம்பலம் சொல்லி, ஒரு பாட்டு, கூடிப்போனால் இரண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் ஓதுவாரின் படிப்பும் மனசும் தெரிந்துவிடும்.

நான் முதலில் எடுப்பது திருமருகல் பதிகம். ஞானசம்பந்தர் பாடியது, இரண்டாம் திருமுறையில் வருவது. பண் இந்தளம், இன்றைய மாயாமாளவகௌளை. பாடசாலையில் இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் முதலில் சுத்தாங்கமாக, தாளம் இல்லாமல், சொல் விளங்க இழுத்துப் பாடச் சொல்வார். பிறகுதான் பண்ணாங்கம், தாளத்தோடு. குரல் எழும்பி நிற்கும் வயது அது. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றும். அவர் கையைத் தூக்கி நிறுத்துவார். “புகழ்ந்து பாடாதே தம்பி. கேட்டுப் பாடு. அவர் அங்க யாருக்காகவோ கேட்டுக்கினு நிக்கிறாரு.” அதற்கு மேல் விளக்கம் தரமாட்டார். விளக்கம் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருந்தது.

வைப்பூரில் தாமன் என்று ஒரு வணிகன். அவனுக்கு ஏழு பெண்கள். மூத்தவளைத் தன் மருமகன் முறைப் பையனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, வேறொருவன் பொருள் அதிகம் தர, அவனுக்குக் கொடுத்துவிட்டான். அடுத்தவளுக்கும் அதே கதை. இப்படி ஆறு பேரும் போனார்கள். சொன்ன சொல் ஒவ்வொரு முறையும் பொய்த்ததைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஏழாவது பெண், அந்தப் பையன் படும் பாட்டுக்கு இரங்கி அவனோடு புறப்பட்டாள். வழியில் திருமருகலில் ஒரு மடத்தில் இரவு தங்கினார்கள். அங்கே அவனைப் பாம்பு தீண்டியது. இன்னும் மணமாகாதவள் என்பதால் உடலைத் தொடவும் மனம் துணியாமல் பக்கத்தில் விழுந்து அவள் அழுதாள். கோயிலுக்கு வந்த சம்பந்தர் காதில் அந்த அழுகை விழுந்தது. அவர் பாடிய பதிகத்தில் தீண்டிய பாம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, மாண்டவனைப் பற்றியும் இல்லை. இவளை இப்படி வாட விடுவது உன் பெருமைக்குப் பொருந்துமா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார், அவ்வளவுதான். அவன் எழுந்தான். இருவருக்கும் சம்பந்தரே மணம் முடித்துவைத்தார்.

இந்தக் கதையை மண்டபத்தில் நான் சொல்வதில்லை. பாம்பும் சாவும் மணமேடைக்கு ஆகாத பேச்சு. ஆனால் பதிகத்தை எடுத்தவுடனே கூட்டத்தில் இரண்டொரு முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்குத் தெரியும். ஆறு தடவை முறிந்த வாக்கை ஏழாவது பெண் ஒருத்தி நிறைவேற்ற நின்ற கதை அது. மணமகளுக்கு வேறு எதைப் பாட?

அறுபதாம் கல்யாணம் என்றால் தேர்வு மாறும். அப்போது நம் ஊர்ப் பதிகத்தையே எடுப்பேன். முதல் திருமுறையில் பத்தாவது, நட்டபாடைப் பண். கம்பீர நாட்டையில் பாடுவோம். பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூருக்கு எதிரே இருக்கிறது அறையணிநல்லூர். இன்று அரகண்டநல்லூர் என்கிறோம். அங்கிருந்து இந்த மலையைக் கண்டு சம்பந்தர் பாடினார் என்பது வரலாறு. மலையைக் கண்டவர், மலையின் பெயரையோ சுவாமியின் பெயரையோ முதலில் சொல்லவில்லை. உண்ணாமுலை அம்மன் பெயரை முதல் சொல்லாக வைத்துவிட்டு, அவளோடு கூடியிருப்பவன் என்றுதான் சுவாமியை அறிமுகம் செய்கிறார். சீர்காழிக் குளக்கரையில் அம்மன் கையால் பால் குடித்த பிள்ளை வேறு எப்படித் தொடங்குவார் என்று எனக்குத் தோன்றும். அறுபது வயதில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்து அந்த முதல் சொல்லைப் பாடும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகத்தைப் பார்ப்பேன். பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மார்கழி வந்தால் கல்யாணம் இல்லை. அந்த மாதம் முழுக்கத் திருவெம்பாவை.

திருவாசகத்தில் ஏழாவது பகுதி இது, இருபது பாட்டு. மாணிக்கவாசகர் இதை அருளிய இடம் திருவண்ணாமலை. அடுத்த பகுதியான திருவம்மானையும் இங்கே பாடியதுதான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அங்கிருந்தே திருவெம்பாவை பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். சிவாலயங்களில் ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய பத்து நாள் மாணிக்கவாசகரை எழுந்தருளச் செய்து இதைப் பாடுவது வழக்கம். கடல் தாண்டியும் போயிருக்கிறது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்திவந்த ஊஞ்சல் விழாவின் பெயரிலேயே திருவெம்பாவை ஒலிக்கும். பாங்காக்கில் 1784-இல் முதலாம் ராமா நிறுத்திய பெரிய ஊஞ்சல் தூண்கள் அதன் சாட்சி. ஊஞ்சலாட்டம் 1935-க்குப் பிறகு நின்றுவிட்டது.

முதல் எட்டுப் பாட்டும் தோழியரை எழுப்பும் பாட்டு. நம் தெருப் பிள்ளைகள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பாடுவது அவற்றைத்தான். என் வேலைக்கு வேண்டியது ஒன்பதாவது பாட்டும் பத்தொன்பதாவது பாட்டும். ஒன்பதாவதில் அந்தப் பெண்கள் சிவனிடம் சொல்கிறார்கள்: உன் அடியார் யாரோ அவர்களே எங்களுக்குக் கணவர், அவர்கள் மகிழ்ந்து சொன்னபடியே தொண்டு செய்வோம், அப்படி ஒருவனை எங்களுக்குத் தந்தால் குறையே இல்லை. பத்தொன்பதாவதில் பயம் வந்துவிடுகிறது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில், இனி இவள் உன் பொறுப்பு என்று மருமகனிடம் ஒப்படைக்கும் பழைய சொல் ஒன்று உண்டு. அந்தச் சொல் தங்கள் விஷயத்தில் புதிதாகச் சொல்லப்பட்டுவிடுமோ, யார் கையில் போய் விழுவோமோ என்று அஞ்சி மூன்று வரம் கேட்கிறார்கள். உன் அன்பர் அல்லாதவர் தோளை எங்கள் மார்பு சேரக்கூடாது. எங்கள் கை உனக்கன்றி வேறு வேலை செய்யக்கூடாது. இரவும் பகலும் எங்கள் கண் வேறு எதையும் காணக்கூடாது. இந்த மூன்றையும் நீ தந்துவிட்டால் சூரியன் எந்தப் பக்கம் உதித்தால் எங்களுக்கு என்ன என்று முடிக்கிறார்கள்.

திருவாசகத்தைப் பொதுவாக மோகனத்தில் பாடுவது எங்கள் மரபு. மோகனம் கேட்டவுடன் இனிக்கும் ராகம். அதுவே இந்தப் பாட்டில் ஆபத்து. இனிப்பில் மயங்கிப் பாடினால் பத்தொன்பதாவது பாட்டின் நடுக்கம் போய்விடும். தோள், கை, கண் என்று மூன்று வரமும் தனித்தனி. ஒன்றைக் கேட்டு முடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும். தாளத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டாலும் தவறில்லை. கடைசி அடிக்கு வரும்போது குரலில் தைரியம் ஏறவேண்டும். கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் பாட்டுக்குள் வருகிறது. என்னிடம் படிப்பவர்களுக்கு ராகத்தைவிட இந்த மூச்சைத்தான் நான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். அவசரப்படுத்தும் மண்டபத்தில் முதலில் பறிபோவது இதுதான்.

இப்போது படிக்க வரும் பெண்பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: “ஐயா, உறுதியா இருப்பேன்னு சொல்றது எல்லாம் பொண்ணுங்களேதானா? மாப்பிள்ளைக்கு எதுவும் இல்லியா?” நியாயமான கேள்வி. ஒன்பதாவது பாட்டை மறுபடி பாடிப் பார்க்கச் சொன்னேன். அங்கே பெண்கள் யாருக்கும் தலையாட்டவில்லை. இன்னாராக இருந்தால்தான் கணவன் என்று முன்கூட்டியே நிபந்தனை வைக்கிறார்கள். இன்றைக்குப் பெண் பார்க்க வரும் வீட்டில்கூட இவ்வளவு தெளிவாகத் தன் மனசைச் சொல்லப் பெண்ணுக்கு இடம் கிடைப்பது அரிது. அதைவிட முக்கியமானது, அந்தச் சொற்களைப் பாடியவர் ஓர் ஆண். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டவர். தில்லையைப் பாடிய திருக்கோவையாரில் நானூறு பாட்டிலும் காதலனாகவும் காதலியாகவும் தோழியாகவும் பேசியவர். அப்படிப்பட்டவர் இந்த மலைக்கு வந்ததும் பெண்களோடு பெண்ணாக நின்று, தன் கண்ணும் கையும் வேறு பக்கம் போகக்கூடாது என்று கேட்கிறார். அந்த வரம் ஆணுக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு இந்த ஊரிலேயே இரண்டாவது சாட்சியும் உண்டு. 1896-இல் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ரமணர், விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், பிச்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடுவதற்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். அப்படிப் பிறந்தது அருணாசல அக்ஷர மணமாலை. 108 கண்ணிகள், எழுத்து வரிசைப்படி தொடங்குபவை. கையில் ஓட்டோடு தெருத்தெருவாகப் போகிறவர்கள் பாட எழுதிய பாட்டில் முழுக்க மணவாளனிடம் மனைவி பேசும் பேச்சு. என் வீட்டுக்குள் நுழைந்து என்னை இழுத்து வந்தாய், இப்போது கைவிட்டால் உலகம் உன்னைத்தானே பழிக்கும் என்று சண்டைக்கு நிற்கிறது அது. சில கண்ணிகளில் கெஞ்சல், சிலவற்றில் மிரட்டல்.

அதன் இரண்டாவது கண்ணியை நான் பலமுறை மணமேடையில் பாடியிருக்கிறேன். ரமணரின் தாய் பெயர் அழகம்மாள், தந்தை பெயர் சுந்தரம் ஐயர். நானும் நீயும் பிரிக்க முடியாதபடி ஒன்றாவோம் என்று மலையிடம் கேட்க, அவர் எடுத்துக்கொண்ட உவமையில் அந்த இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கின்றன. பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தவர், வீட்டை விட்டுத் துறவியாக வந்தவர். பிரியாமைக்கு உவமை தேடியபோது அப்பாவும் அம்மாவும் நாவில் வந்தார்கள். மேடையில் பாடி முடித்துவிட்டு, இதை மட்டும் ஒரு வார்த்தை சொல்வேன். சம்பந்திகள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் உடல் ஒடுங்கிய நேரத்தில் அடியார்கள் வெளியே உட்கார்ந்து பாடியதும் இந்த மணமாலையைத்தான். கேட்டு அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவரே எழுதிய பாட்டு, அவரே கடைசியாகக் கேட்ட பாட்டு.

தை பிறந்து இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல். காலையில் நந்திகளுக்குக் காய்கனியும் பலகாரமும் கோத்து மாலை சாத்துவார்கள். அண்ணாமலையார் வெளியே வந்து நந்திக்கும் சூரியனுக்கும் காட்சி கொடுப்பார். மாலையில் திருவூடல். அதற்கென்றே ஒரு தெரு இந்த ஊரில் இருக்கிறது, திருவூடல் தெரு என்று பெயர். பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வணங்குவேன், அம்மனை வணங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். அம்மையும் அப்பனும் சேர்ந்தே அமர்ந்தபோதும் வண்டு உருவெடுத்து இடையில் துளைத்துக்கொண்டு போய் அப்பனை மட்டும் சுற்றியவர். அவருக்குச் சுவாமி காட்சி கொடுக்கப் போகிறார் என்றால் அம்மனுக்குக் கோபம் வராதா? இந்த மலையில்தான் தவம் இருந்து தன் இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றவள் அவள். பாதி உடம்பைக் கொடுத்தவரே, அந்தப் பாதியை ஏற்காதவனுக்கு அருள் செய்யலாமா?

தெருவில் சுவாமியும் அம்மனும் எதிரெதிரே நிற்பார்கள். சப்பரம் தூக்கிகள் முன்னே வருவதும் பின்னே போவதுமாக அந்தப் பிணக்கைத் தோளால் நடித்துக் காட்டுவார்கள். இருபக்கத்து மாடிகளிலும் சனம் நிறைந்திருக்கும். அந்த வருஷம் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி இதைச் சேர்ந்து பார்த்தால் மனசு ஒன்றாகும் என்று சுற்று வட்டாரத்தில் நம்பிக்கை. செங்கம், போளூர், ஆரணிப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். கடைசியில் அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்வாள். சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்குவார்.

இந்த ஊடலில் தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். என் மனசு அதிகம் நிற்பது இங்கேதான். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாரிடம், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தவர் அவர். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று பாடிப் பாடிப் பெற்றார். திருவாரூரில் பரவையார் கதவடைத்தபோது, அவருக்காக நள்ளிரவில் சிவனே தூது நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேஷத்தில் போய், பரவையார் மறுத்துவிட, மறுபடியும் தம் உண்மைக் கோலத்தில் போனார். அன்று தனக்காகத் தெருவில் நடந்தவருக்காக இங்கே சுந்தரர் நடக்கிறார். அவர் சொல்லும் சமாதானம் அம்மனிடம் எடுபடுவதில்லை. சுவாமி மறுநாள் விடிகாலையில் கிரிவலம் புறப்பட்டு, பிருங்கிக்கு அருள் செய்துவிட்டுத் தாமே வந்து அம்மனைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அதுதான் மறுவூடல்.

புறப்பாட்டோடு பாடிக்கொண்டு நடக்கும் ஓதுவார்களில் ஒருவனாக நான் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் வெளியே வந்து ஆடி, அதோடு மலையில் தீபம் ஏறும் காட்சிக்கு உலகமே இங்கே கூடுகிறது. அது ஒன்றாக இருப்பதன் மகிமை. அந்த இருவரே இரண்டு மாதத்துக்குள் தெருவில் எதிரெதிரே நிற்பதையும், பெரியவரே இறங்கி வந்து கேட்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பாதி உடம்பின் கதை எனக்கு முழுசாகிறது. ஆசிரியர் திருமருகலுக்குச் சொன்ன “கேட்டுப் பாடு” என்ற அந்தச் சொல்லை நான் மறுவூடலில் கண்ணால் பார்க்கிறேன்.

தை மூன்றாம் நாள் மறுவூடல் முடிகிறது. முகூர்த்தங்கள் திறந்துவிடுகின்றன. தொலைபேசி அடிக்கத் தொடங்கும். மண்டபத்தின் பெயரும் தேதியும் சொல்வார்கள். இப்போதெல்லாம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மணமகனும் மணமகளும் ஒரு மாலை நேரம் என் வீட்டுக்கு வரவேண்டும். பத்தொன்பதாவது பாட்டை அடி அடியாகச் சொல்லிக்கொடுப்பேன். சில வீட்டார் நேரமில்லை என்பார்கள். சிலர், பெண்ணை மட்டும் அனுப்புகிறோம் என்பார்கள். அவர்களிடம், அப்படியானால் மாப்பிள்ளையையாவது அனுப்புங்கள் என்று சொல்கிறேன். வந்த பிள்ளைகள் கூச்சப்பட்டாலும் கற்றுக்கொண்டு போகிறார்கள். போன தை மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை, குரல் சுருதியோடு சேராமல் தவித்தாலும், கண்ணைப் பற்றிய அந்த மூன்றாவது வரத்தை மட்டும் மேடையில் தனியாகப் பாடுகிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் மணமகள் முதல் இரண்டு வரத்தையும் பாடினாள். கடைசி அடியைச் சேர்ந்து பாடினார்கள், நான் தாளம் மட்டும் போட்டேன்.